பழுப்பு நட்சத்திரத்தருகே ஆறு நிமிடம்

கீர்த்தியின் கப்பலில் இன்னும் ஆறு நிமிடத்துக்குத்தான் காற்று இருந்தது.

கப்பல் இருந்தது கணினிக்குள். கணினி இருந்தது ராஜா அண்ணாமலைபுரத்தில், மூன்றாம் மாடி வீட்டின் சின்ன அறையில். உலகம் முழுக்க லட்சம் பேர் ஒரே வான்வெளியில் பறக்கும் ஆட்டம் அது. சிலர் சண்டை போடுவார்கள், சிலர் சரக்கு ஏற்றுவார்கள். கீர்த்தி இரண்டும் செய்யவில்லை. 'தனி' என்ற முறையில் நுழைந்து, எவர் கண்ணிலும் படாமல், யாரும் போகாத நட்சத்திரங்களைத் தேடிப் போனாள். அவற்றில் 'முதலில் கண்டவர்' என்று அவள் பெயர் ஏறும். ஆனால் துறைமுகம் திரும்பிப் பதிவுகளை ஒப்படைத்தால்தான். வழியில் கப்பல் அழிந்தால் அத்தனையும் போச்சு.

"நானும் வரட்டுமா?" என்று அவள் கணவன் அஸ்வத் ஒருமுறை கேட்டிருந்தான்.

"இது தனியாப் போற ஆட்டம்பா," என்றாள்.

ஒன்பது மாதத்துக்கு முன் அவள் மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. ஆம்புலன்ஸ் அடையாறு பாலத்தைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆன பிறகு ஒருநாள் அவன் கணினியைத் திறந்தான். விட்ட இடத்திலேயே கப்பல் நின்றது. ஒப்படைக்காத பதிவுகள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அவன் அந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. கற்றுக்கொண்டு, கப்பலைத் துறைமுகம் நோக்கித் திருப்பினான். தேனாம்பேட்டையில் ஆபீஸ் விட்டு வந்ததும் தினம் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஐந்தாறு தாவல்.

நேற்று தப்பு செய்தான். நட்சத்திரத்தின் ஓரம் உரசிப் பறந்தால் எரிபொருள் ஏறும். பழுப்பு நட்சத்திரத்தில் மட்டும் ஏறாது. மங்கலான சிவப்பென்று நினைத்துப் பழுப்புக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டான். டேங்க் காலியானது. எரிபொருள் இல்லாத கப்பலில் காற்றும் கரையும்; அது தீர்ந்தால் கப்பல் அழியும்.

டேங்க் காலியானால் உடனே ஆட்டத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். வெளியே இருக்கும்வரை காற்று கரையாது. அஸ்வத் அதைப் படித்திருந்தான். ஆனாலும் திரும்பத் திரும்ப உள்ளே போனான். விளக்கணைந்த அறையில், அவள் உட்கார்ந்த இருக்கையில், ஒன்றும் செய்யாமல் இருந்தான். இருபத்தைந்து நிமிடக் காற்றில் பத்தொன்பது அதற்கே போயிற்று.

நடுவழியில் நிற்பவர்களுக்கு எரிபொருள் கொண்டுவந்து தரும் ஆட்டக்காரர்கள் சிலர் இருந்தார்கள். ஞாயிறு காலை அவர்களுடைய தளத்தில் கீர்த்தியின் பெயரில் எழுதிப்போட்டான். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறித்தான். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தே குறித்தான்.

பதினொரு மணிக்குக் கணினியில் ஒரு குரல் வந்தது.

"மேடம், டில்லிபாபு பேசறேன், பெரும்பாக்கத்துலருந்து. இன்னா, டேங்க்கு காலியா?"

"நான் அவங்க ஹஸ்பண்ட்."

"அப்ப அவங்களக் கூப்புடு சார். நான் சொல்றப்ப டக்குனு உள்ள வரணும். 'தனி'லருந்து 'பொது'வுக்கு மாத்திக்கினு வந்தாதான் என் கண்ணுக்குக் கப்பல் தெரியும். வேற ஆளு சொதப்புனா புட்டுக்கும்."

"அவங்க வரமாட்டாங்க."

"இன்னா, சண்டையா?" டில்லிபாபு சிரித்தார்.

சமையலறையில் மாமியார் சண்முகவடிவு கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் தி.நகரிலிருந்து சோறு கொண்டுவருவாள். ஒன்பது மாதமாக அந்தச் செய்தியை எல்லோருக்கும் வேறு யாராவதுதான் சொன்னார்கள். அவன் வாயால் சொல்ல நேரவேயில்லை.

"செத்துட்டா," என்றான். "நான்தான் ஓட்டறேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அடுத்தவங்க ஐடில ஆடக் கூடாது, தெரியும்ல?" என்றார் டில்லிபாபு. "கம்பெனிக்காரன் இழுத்துப் பூட்டிடுவான்."

"தெரியும்."

"சரி. நானு ஒண்ணும் கேக்கல, நீ ஒண்ணும் சொல்லல. எத்தினி நிமிசம் காத்து கீது?"

"ஆறு."

"ஆறா! மீதியெல்லாம் எங்க நைனா பூட்ச்சு?"

"உள்ள உக்காந்திருந்தேன்."

"சும்மாவா?"

"சும்மா."

டில்லிபாபு தன் கப்பலைக் கிளப்பினார். வந்துசேர முக்கால் மணி ஆகும் என்றார்.

சண்முகவடிவு வாசற்படியில் நின்றிருந்தாள். "யார்ட்ட மாப்ளே அப்படிச் சொன்னீய? எங்க வீட்ல ஒருத்தரும் அந்த வார்த்தையச் சொன்னதில்ல. தவறிட்டான்னுதான் சொல்லுவோம்."

"வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல அத்தை."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் முன்பே எடுத்துவைத்திருந்த, கீர்த்தி போன பாதையின் படத்தைத் திரையில் காட்டி விளக்கினான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுத் தூரமும் ஒத்தையிலயா போயிருக்கா?"

"ஆமா."

"உங்களுக்குள்ள ஏதும் மனஸ்தாபமா?"

அதைத்தான் அவனும் ஒன்பது மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "தெரியல," என்றான்.

"சின்னதுல எங்க ஜவுளிக்கடை மாடியில துணி மூட்டைக்கு நடுவுல போய் இருந்துக்கிடுவா," என்றாள் சண்முகவடிவு. "தேடிப் பிடிச்சா அழுவா. ஏன் வந்தீங்கன்னு கேப்பா."

அது ஆறுதலா, இல்லையா என்று அவனுக்குப் புரியவில்லை.

"சார், வந்துட்டேன். பொதுல வா!"

'தனி' என்பதிலிருந்து 'பொது'வுக்கு மாற்றி உள்ளே போனான். சிவப்பு விளக்கு. கணினியிலிருந்து மூச்சிரைக்கும் சத்தம். ஐந்து நிமிடம், நான்கு, மூன்று. ஒன்றும் தெரியவில்லை. "தோ, வந்துகினே கீறேன், எதையும் தொடாத," என்றது குரல். ஒரு நிமிடம் பத்து விநாடி இருக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டிக் கப்பல் பக்கத்தில் வந்து நின்றது. எரிபொருள் ஏறத் தொடங்கியது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மூச்சுச் சத்தம் அடங்கியது.

சண்முகவடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், ஒண்ணு சொல்லட்டா?" என்றார் டில்லிபாபு. "நீ பொதுக்கு வந்ததும் அவங்க போட்டுவெச்ச பழைய ரூட்டு எனக்கும் தெரியுது. ஊருக்குத் திரும்பறது இல்ல அது. வெளிய போய்க்கினே இருந்துருக்காங்க."

"தெரியும். ஆனா பேர் ஏறணும்ல."

"அதுவும் கரெக்ட்டுதான். கூட வரட்டா?"

"இந்தப் பழுப்பத் தாண்டற வரைக்கும் வாங்க."

"ஊர் வந்துசேர எத்தன நாளாவும் மாப்ளே?" என்று சண்முகவடிவு கேட்டாள்.

"ஒரு மாசம். பதிவையெல்லாம் குடுத்துடுவேன்."

"பொறவு?"

"ஒண்ணுமில்ல அத்தை. அதோட முடிஞ்சிடும்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்போ மெதுவாவே ஓட்டுங்க," என்றாள்.

"இன்னா சார், கெளம்பலாமா?"

அஸ்வத்தின் விரல் விசைமேல் இருந்தது. அழுத்த வரவில்லை.

"கொஞ்சம் இருங்க," என்றான்.