ஏகமனதாக

கழிவுநீர்க் குழாயில் அடைப்பு எடுப்பதுதான் அவர் பிழைப்பு. அவர் சபைக் கமிட்டிக்குத் தேர்வானபோது, கிறிஸ்துவுக்குள் பெரியவன் சின்னவன் இல்லை என்பதற்கு நம் சபையே சாட்சி என்று போதகர் மேடையிலிருந்து முழங்கினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

அங்கே ஞாயிறுதோறும் இரண்டு ஆராதனை. கூலிவேலைக்காரர்களுக்கு ஏழு மணிக்குப் பின்பக்கக் கூடத்தில்; மற்றவர்களுக்கு ஒன்பது மணிக்கு ஆலயத்தில். இடநெருக்கடி என்று பேர். ஒன்பது மணிக்குப் பாதி பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும். இரண்டையும் ஒன்றாக்கும்படி பேசுகிறேன் என்று அவர் தன் தெருவுக்கே வாக்குக் கொடுத்திருந்தார்.

மனைவி தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு முதல் கூட்டத்துக்குப் போனார். அவர் கோரிக்கை நான்காவதாக இருந்தது. மூன்றாவது முடியும் நேரம், கழிவறையில் தண்ணீர் பொங்கி வெளியே வருகிறது என்று காவலாளி வந்து சொன்னான். எட்டுத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

“பிரதர், நீங்க கொஞ்சம் பாத்தீங்கன்னா...” என்று இழுத்தார் கமிட்டியிலிருந்த டாக்டர்.

போனார். யாரோ துணியை உள்ளே போட்டிருந்தார்கள். அதை இழுத்தெடுக்க முக்கால் மணி நேரமானது. கைகழுவித் திரும்பியபோது கார் நிறுத்துமிடத்தைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

“என்னோடது என்னாச்சு?”

“ரெண்டும் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும்னு ஏகமனதா முடிவாச்சு,” என்றார் செயலாளர். அவர் வக்கீல்.

“நான் இங்க இல்லையே, சார்.”

“கட்டடத்துக்குள்ளதானே இருந்தீங்க.”

சிலர் சிரித்தார்கள். போதகர் குனிந்து கையெழுத்துப் போட்டார். அடுத்த ஞாயிறு ஒன்பது மணி ஆராதனையில், தாழ்மைக்கு இலக்கணம் என்று அந்த முக்கால் மணி நேரத்தைச் சொல்லி உருகினாராம். ஏழு மணிக்காரருக்கு அது பிறர் சொல்லித்தான் தெரிந்தது.

“நீங்க எதுக்கு எழுந்து போனீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“கூப்பிட்டாங்க.”

“அங்க கையிருந்தது உங்களுக்கு மட்டுந்தானா?”

டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே தன் கால்கள் எழுந்துவிட்டன என்பதுதான் அவர்கள் சிரிப்பைவிட அதிகமாக அவரைச் சுட்டது.

அதற்கடுத்த ஞாயிறு இருவரும் ஒன்பது மணிக்குப் போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைக்கூடச் சிரித்தபடியே நீட்டினார்கள். ஆனால் எப்போதும் ஆறு பேர் உட்காரும் அந்த பெஞ்சில் அன்று அவர்கள் இரண்டே பேர்.

வாசலில் டாக்டரின் மனைவி அக்கறையாக, ஏழு மணி ஆராதனைதானே உங்களுக்கு வசதி என்றாள்.

“இதுவே வசதியா இருக்கும்மா,” என்றார் அவர். “காலை நல்லா நீட்டி உக்காரலாம்.”

ஒரு வருஷமாயிற்று. இன்னும் அந்த பெஞ்சில் இரண்டே பேர்தான்.