பன்றித்தொடையோடு திரும்பிய நீர்மூழ்கி

1917, முதல் உலகப் போர். எங்கள் ஜெர்மன் நீர்மூழ்கியின் கேப்டன் ஹின்ரிக்ஸ் இரண்டு முறை கடலுக்குப் போய் ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்காமல் திரும்பியவர். மூன்றாவது முறையும் வெறுங்கையோடு வந்தால் அலுவலக நாற்காலிதான் என்று தளபதி ராம்சென் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இவர் போனால் வருகிறவனுக்குத் தொண்டை வலி இருக்கும். கழுத்தில் தொங்கும் பதக்கத்துக்கு அலைகிறவர்களை எங்கள் துறைமுகமான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் அப்படித்தான் சொல்வோம். பதக்கம் அவனுக்கு, சமாதி எங்களுக்கு.

ஒருவழியாக ஒரு டேனிஷ் பாய்மரக் கப்பல் சிக்கியது. இங்கிலாந்துக்குப் பன்றிக்கறி ஏற்றிப் போகிறது. ஆட்களைப் படகில் இறக்கிவிட்டுக் கப்பலை மூழ்கடிப்பதுதான் முறை. முதலில் இறங்கியது கப்பல்காரரின் மனைவி; இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. அலையோ எழும்பிக்கொண்டிருந்தது.

"இந்தக் கடல்ல அந்தப் படகு தாங்குமா?" என்று எஞ்சின்காரனான என்னைக் கேட்டார் கேப்டன்.

"எஞ்சினைப் பத்திக் கேளுங்க சார், சொல்றேன்," என்றேன் எரிச்சலாக. பிறகு மனசு கேட்கவில்லை. "தாங்காது சார்."

"அப்ப எல்லாரையும் திரும்ப ஏறச் சொல்லு. சரக்கை மட்டும் நம்மகிட்ட தள்ளிட்டுப் போகட்டும்."

தள்ளினார்கள். படுக்கையிலும் டார்பிடோ குழாயிலும் புகைபோட்ட பன்றித்தொடை. முன்பக்கம் கனத்து மூக்குக் குத்தாமலிருக்க, அதையெல்லாம் மாற்றி மாற்றி அடுக்கியே என் இடுப்பு ஒடிந்தது.

மூழ்கடித்த கப்பலுக்கு ஒன்றாகக் கொடி கட்டித் துறைமுகத்துக்குள் வருவது வழக்கம். வெறும் கொடிக்கம்பியோடு வர சமையல்காரன் யான்சனுக்கு மனம் வரவில்லை. கொடிக்குப் பதில் வரிசையாகப் பன்றித்தொடைகளைக் கட்டிவிட்டான், பாவி. கரையில் பேண்டு வாசித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"எத்தனை கப்பல்?" என்றார் தளபதி.

"ஒண்ணுமில்லை சார். கெடச்ச ஒண்ணையும் விட்டுட்டேன். அதுல குழந்தைங்க இருந்தாங்க."

"அப்ப நாளையிலேருந்து உனக்கு ஆபீஸ் வேலைதான்!"

கரையில் நின்ற பெண்கள் கொதித்துவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க மாட்டுக்குப் போடும் கிழங்கைத் தின்று கிடந்தவர்கள். யான்சனின் மனைவி கெஷெ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தளபதி ஐயா! மூழ்கடிச்ச கப்பலை நாங்க எந்தச் சட்டியில போட்டு வேகவைக்கிறது? எங்க புருஷனுங்களை உசிரோட கூட்டிட்டு வந்து, சோத்துக்கும் வழி பண்ணியிருக்காரு. இவரையா மாத்துவீங்க?"

தளபதி அவளைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார். அவர் வீட்டிலும் கிழங்குதானே!

"சரி, அடுத்த தடவையும் நீயே போ," என்றார். பிறகு கேப்டனின் காதருகே குனிந்தார். "அந்த டேனிஷ்காரன் திரும்ப மாட்டினா, வெண்ணெய் இருக்கான்னு கேளு."