பல் இருந்தால் பெர்ச் இல்லை

மாமனார் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவருடைய படகு மாமியார் எல்வீராவின் கொட்டகையில் சும்மா கிடந்தது. அதன்மேல் எனக்கும் ஒரு கண், என் சகலை டுவேனுக்கும் ஒரு கண்.

"வெள்ளிக்கிழமை விருந்துக்கு யாரு அதிகமா பெர்ச் மீன் புடிச்சிட்டு வர்றீங்களோ, படகு அவங்களுக்கு. கடையில வாங்குனா எனக்குத் தெரியும் மாப்ளே," என்றார் மாமியார், என்னை மட்டும் பார்த்து. போன வருஷம் வாங்கியவன் நான்தான்.

வெள்ளி விடிந்ததும், உறைந்து கிடந்த வின்னபேகோ ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி உட்கார்ந்தேன். பத்தரைக்கு முதல் மீன் வந்தது. மஞ்சள் உடம்பு, ஏழு கறுப்புப் பட்டை, ஆரஞ்சுத் துடுப்பு. எங்கள் ஏரியில் மீன் கிடைத்தவன் சிரிக்கக் கூடாது. சிரித்தால் மற்றவர்கள் மோப்பம் பிடித்து வந்து, பத்து நிமிஷத்தில் சுற்றிலும் ஐம்பது துளை விழும், பெர்ச் கூட்டம் ஓடிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் இழவு வீட்டு முகத்தோடு இழுத்து, வாளியில் போடாமல் கோட்டுக்குள் திணித்தேன். முதுகு முள் விலாவில் குத்தியது. அழுகை வந்தது, ஆனால் அது முகத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது.

டுவேன் காபியோடு வந்தான். "என்ன சகல, ஏதாவது?"

"ஒரு மண்ணும் இல்ல. உனக்கு?"

"எனக்கும் பட்டைநாமந்தான்."

என் வயிறு துள்ளியது.

"என்னடா அது?"

"பசி."

அவன் மார்பும் துள்ளியது. மரியாதைக்காக நான் கேட்கவில்லை.

அப்போது பழுப்புக் கோட்டு, கண்ணை மறைக்கும் பனிக்கண்ணாடி, மூக்குவரை சால்வையோடு ஒரு கிழவர் வந்தார். துளையைக் காட்டி, கையை விரித்துச் சைகையால் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல பெரியவரே. வீட்டுக்குப் போய்ப் படுங்க," என்றேன். டுவேனும் ஆமாம் போட்டான்.

கிழவர் எங்கள் கோட்டுகளைச் சற்று நேரம் பார்த்தார். பத்தடி தள்ளித் துளை போட்டு உட்கார்ந்துவிட்டார். வயசான காலத்தில் என்ன பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாமியாரின் சமையலறை மேஜையில் கொட்டினோம். என்னுடையது பன்னிரண்டு, டுவேனுடையது பதினொன்று. படகு எனக்கு! கத்தியே விட்டேன்.

"இருங்க மாப்ளே." மாமியார் என் மீன்களின் வாயில் வரிசையாக விரலை விட்டார். ஒன்றில் நின்றார். "பல்லு இருக்கு. பட்டையும் சரியில்ல. இது 'வால்ஐ'ங்கற வேற மீனோட குஞ்சு. பெர்ச்சுக்குப் பங்காளிதான், பெர்ச் இல்ல."

ஆளுக்குப் பதினொன்று. டுவேன் பல்லைக் காட்டினான்.

மாமியார் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து துணியை விலக்கினார். உள்ளே பத்தொன்பது பெர்ச். கதவுக்குப் பின்னால் ஆணியில் பழுப்புக் கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போய்ப் படுங்கன்னு சொன்னீங்களே, வந்துட்டேன். நான் படுக்கறேன், நீங்க ரெண்டு பேரும் இதையெல்லாம் செதில் எடுத்து வைங்க."

"அப்போ படகு, அத்தை?" என்றான் டுவேன்.

"பனி உருகட்டும் மாப்ளே. எனக்குத் துடுப்புப் போட ரெண்டு ஆள் வேணும்."