ஒன்பதாம் பள்ளம்

கதிரவன் மேலெழுந்து மாடங்களின் நிழலைச் சுவரோரம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்த முற்பகற் பொழுதில், ஆற்றுப்பாலத்தை விட்டிறங்கி இடப்புறம் திரும்பும் நீண்ட தெருவில், கண்ணாடி அறுப்போர் ஒருபுறமும் பூட்டுப் பழுதுபார்ப்போர் மறுபுறமுமாகத் தத்தம் வேலையில் மூழ்கியிருக்க, அரத்தின் கீச்சொலியும் சுத்தியலின் கிண்ணொலியும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டித் தெருவையே நிறைத்திருந்தன. அவ்வோசைக்கெல்லாம் நடுவே ஓசையடங்கியதொரு பட்டறையும் அங்கே இருந்தது. நரம்பும் தந்தியும் பூண்ட இசைக்கருவிகளுக்கு மருத்துவம் பார்க்கும் தச்சர் ஒருவர் அதில் இருந்தார். அவருடைய உண்மைப் பெயரைத் தெருவே மறந்து, 'பசையார்' என்று அழைத்துவந்தது. பசை காயும் வரை எவர் வந்து பேசினாலும் வாய் திறக்காத வழக்கத்தால் அவர் ஈட்டிய பட்டம் அது.

அன்று அவர் மகிழ்ந்திருந்தார்; மகிழ்ச்சி என்பது சிறிய சொல், அவர் பூரித்துப் போயிருந்தார். அவர்முன் மேசையில் கிடந்த கிட்டார் அத்தகையது. அயல்மொழிப் பெயரைத் தூய தமிழில் நுழைப்பதேன் என்று வாசகர் முகம் சுளிக்க வேண்டா. அந்தக் கருவியே அயலகத்திலிருந்து வந்து நம் பண்களைப் பாடக் கற்றுக்கொண்டது, அதன் பெயருக்கும் நம் உரைநடையில் சற்றே இடம் கொடுப்போம். அக்கருவியில் நம் பண்களை இழைத்து வாசிக்கும் பெண்மணி ஒருத்தி அந்நகரில் இருந்தாள். பதினோராண்டுகளாகப் பசையார் அவளுடைய நிகழ்ச்சி ஒன்றையும் தவறவிட்டதில்லை. கூச்சமுள்ளவராகையால் எப்போதும் கடைசி வரிசையிலேயே அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, கைதட்டல் ஓயுமுன் எழுந்து வீடு திரும்பிவிடுவார். அவள் வழக்கமாகக் காட்டும் தச்சர் வேற்றூர் போய்விட, கருவி முதன்முறையாக இவரிடம் வந்தது.

கொண்டுவந்தவர் அவளுடைய கணவர். அவர் சாலை போடும் பொறியாளர். பள்ளம் என்று ஒன்றைக் கண்டால் அதை நிரப்பாமல் உறக்கம் கொள்ளாதவர். மனைவி அவரிடம் சொல்லியனுப்பியது இதுதான்: "மெட்டெல்லாம் ஏறி இறங்கி நிக்குது, சமம் பண்ணச் சொல்லுங்க." மெட்டு என்பது தந்தியின் கீழே குறுக்காகப் பதித்த உலோகக் கட்டை, அது தேய்ந்தால் சுரம் பிசகும், அவற்றின் தலையை ஒரே மட்டமாக அராவுவது சிறு வேலை. ஆனால் வழியில் பெட்டியைத் திறந்து பார்த்த பொறியாளரின் கண்ணுக்கு, மெட்டுகளுக்கு இடையே மரத்தில் குழிந்திருந்த ஒன்பது பள்ளங்களே தெரிந்தன. பட்டறைக்கு வந்து, "பள்ளம் பள்ளமா இருக்குங்க, எல்லாத்தையும் சமம் பண்ணிடணுமாம்" என்று பொறுப்பாக ஒப்பித்துவிட்டுப் போனார்.

பசையார் அப்பள்ளங்களைப் பார்த்துக் கண்கலங்கினார். எத்தனை ஆண்டு வாசித்திருந்தால் விரல் பட்டுப்பட்டு மரம் இப்படிக் கரைந்திருக்கும் என்று நெஞ்சுருகி, மூன்று நாள் வேறு வேலை எதையும் தொடாமல், அதே நிறத்து மரத்தூளைப் பசையில் குழைத்து, பள்ளம்பள்ளமாக நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, மெட்டுகளின் தலையையும் ஒரே மட்டமாக அராவி, எண்ணெய் பூசி, கண்ணாடிபோல் ஆக்கினார். தம் வாழ்நாளில் அதைவிட நேர்த்தியான வேலை செய்ததில்லை என்றே அவர் எண்ணினார், அதுவும் உண்மைதான்.

பெண்மணி பத்து மணிக்கு வந்தாள். பெட்டியைத் திறந்தாள். மரத்தின்மேல் ஒருமுறை விரலை ஓட்டியவள், அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, பள்ளமெல்லாம் எங்க?"

"நிரப்பிட்டேன்மா. வாசிச்சு வாசிச்சே மரம் தேஞ்சு போச்சு பாருங்க, எனக்கு மனசே ஆறல."

"அது தேஞ்சதில்ல. நான் தோண்டினது."

பசையாருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். வாய்ப்பாட்டில் ஒரு சுரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அசையும், குழையும், அண்டையிலுள்ள சுரத்தை எட்டித் தொட்டுவிட்டு மீளும். மெட்டு வைத்த கிட்டாரோ ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனி அறையில் அடைத்துப் பூட்டிவிடும். அந்தப் பூட்டைத் திறக்கவே, தானே அரம் பிடித்து, பதினோராண்டுகளாகச் சிறுகச் சிறுக மரத்தைக் குடைந்து, விரல் தந்தியை உள்ளமுக்கவும் பக்கவாட்டில் இழுக்கவும் இடம் செய்திருந்தாள். அந்த ஒன்பது பள்ளங்களில்தான் அவளுடைய பாட்டெல்லாம் இருந்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசிக்கணும்" என்றாள். "பண்ணிசை மன்றத்துல. அஞ்சு வருஷம் கேட்டுக் கேட்டு, இப்பத்தான் ஒத்துக்கிட்டாங்க. மெட்டு வச்ச மரம் பாடுமான்னு கேட்டவங்க முன்னாடி."

பசையார் தலையில் கைவைத்துக்கொண்டார். பதினோராண்டு கேட்டதெல்லாம் கடைசி வரிசையிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு. ஒருநாளேனும் முன்னே போய் அவள் விரல் என்ன செய்கிறது என்று கண்திறந்து பார்த்திருந்தால் இந்தத் தீங்கு நேர்ந்திராது. தொலைவில் நின்று போற்றிய அன்பே அவள் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்று உணர்ந்தபோது அவருக்கு வெட்கமும் துயரமும் ஒருங்கே பொங்கின. ஆனால் அழுது தீர்க்க நேரமில்லை. மரம் குடையும் நகவுளியை எடுத்தார்.

"ஒவ்வொண்ணும் எவ்வளவு ஆழம்மா?"

"அளவெல்லாம் தெரியாதுண்ணா. விரலுக்குத்தான் தெரியும்."

"அப்ப பாடிக் காட்டுங்க. அந்த இடத்துல சுரம் எவ்வளவு தூரம் போகணும்னு கேட்டா, நான் மரத்துல இறங்கிடுவேன்."

அவ்வாறே தொடங்கியது அந்த வேலை. தந்திகளைத் தளர்த்தி ஒருபுறம் ஒதுக்கி, கல்லாய் இறுகியிருந்த பசையை அவர் சுரண்டிச் சுரண்டி எடுக்க, அவள் அவ்விடத்துச் சுரத்தைப் பாட, மீண்டும் தந்தியை முறுக்கி அவள் அமுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்பாள். சில வேளை, "ஐயோ, போதும் போதும்" என்பாள். நான்காம் பள்ளத்தில், அவள் சொல்லுமுன்னே பசையார் நிறுத்தினார். அவள் வாசித்துப் பார்த்தாள். மிகச் சரியாக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினோராண்டு கேள்வி வீண்போகவில்லை. அவர் செவிக்கு அவளுடைய ஒவ்வொரு அசைவும் மனப்பாடமாய் இருந்தது, கைக்குத்தான் இதுவரை தெரியாமற் போயிற்று.

இடையே பொறியாளர் வந்து எட்டிப்பார்த்தார். நடந்ததைக் கேட்டதும் முகம் வெளிறி, "சமம்னா பள்ளத்தை மூடறதுதானே?" என்று முணுமுணுத்தார்.

"உங்க ரோட்டுல அப்படி. இங்க வாயைத் திறக்காம விசிறிக்கிட்டு நில்லுங்க, அண்ணனுக்கு வேர்க்குது" என்றாள் மனைவி. அவர் அட்டை ஒன்றை எடுத்து, மூன்று மணி நேரம், குற்றம் செய்த பிள்ளையைப் போல விசிறிக்கொண்டே நின்றார்.

நான்கரை மணிக்கு எட்டுப் பள்ளங்கள் திறந்திருந்தன. ஒன்பதாவது எஞ்சியது. ஆனால் முறுக்கிய தந்தி சுருதியில் நிலைகொள்ள ஒருமணி நேரமேனும் வேண்டும். இனி உளியை வைத்தால் கருவியே மேடைக்கு ஏறாது. பண்ணை மாற்றலாம் என்றார் பசையார். அறிவித்தாயிற்று, மாற்ற இயலாது என்றாள் அவள். அன்று அவள் எடுத்த பண்ணிலோ, தாரம் எனப்படும் ஏழாம் சுரம் அந்த ஒன்பதாம் இடத்தில்தான் ஊசலாட வேண்டும். அந்த ஆட்டம்தான் அப்பண்ணின் முகம்.

மாலையில் மன்றம் நிறைந்திருந்தது. பசையார் முதன்முறையாக முன்வரிசையில், கண்ணைத் திறந்து அமர்ந்தார். அவள் விரல்கள் எட்டுப் பள்ளங்களிலும் முங்கி எழுந்து, தந்தியை இழுத்தும் நெகிழ்த்தும் பாட, மெட்டு வைத்த மரம் மனிதக் குரலாகவே கனிந்தது. கைகட்டி அமர்ந்திருந்தோர் ஒவ்வொருவராகக் கையவிழ்த்தார்கள். பிறகு பண் மெல்ல மேலேறி ஒன்பதாம் இடத்தை நெருங்கியது. அவள் அந்தச் சுரத்தைத் தொட்டாள், அசைக்கவில்லை. அசைக்க இயலவில்லை என்பது அவ்வரங்கில் அவளுக்கும் பசையாருக்குமே விளங்கும். தட்டையான மரத்தின்மேல், நேராக, நடுங்காமல், தந்தியின் ஒலி தானாகத் தேய்ந்தொழியும் வரை அதை அப்படியே நிறுத்தினாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் மன்றத் தலைவர் மேடையேறி, "எல்லாரும் ஆட்டுற இடத்துல ஆட்டாம நிறுத்துனீங்களே, என்ன துணிச்சல்! அடுத்த வருஷமும் நீங்க வரணும்" என்றார். பொறியாளர், தாமே அந்தச் சுரத்தை நிறுத்தியவர் போல நெஞ்சை நிமிர்த்தினார்.

பசையார் வழக்கம்போல் நழுவப் பார்த்தார். வாயிலில் அவள் வழிமறித்தாள். கையிலிருந்த பெட்டியை அவர்முன் நீட்டினாள்.

"நாளைக்குக் காலையில அந்த ஒன்பதாவதையும் தோண்டிடுங்கண்ணா."

"ஏம்மா? அதைத்தானே எல்லாரும் கொண்டாடுறாங்க. அப்படியே இருக்கட்டுமே."

"இல்ல. இன்னைக்கு அசைக்க முடியாம நிறுத்தினேன். இனிமே நிறுத்தினா, நானா நிறுத்தினதா இருக்கணும்."

அவர் பெட்டியை வாங்கவில்லை. "இவ்வளவு கெடுத்த பிறகும் என்கிட்டயேவா குடுக்கறீங்க?" என்றார், கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"உங்களைத் தவிர வேற யாருக்குண்ணா இதோட ஆழம் தெரியும்?"

பொறுத்தேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் பொருளைப் பூட்டி வைத்துக்கொள்வோர் உலகில் பலர். பிழையை அழகென்று புகழ்ந்து மழுப்பாமல், பிழையென்றே சொல்லி, அதைத் திருத்தும் உளியைப் பிழை செய்தவன் கையிலேயே மறுபடியும் ஒப்படைப்போர் மிகச் சிலர். பசையார் பெட்டியை இரு கைகளாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, பாலத்தின்மேல் மெல்ல நடந்து போனார்.