பாக்கிங் பிரிவு ஆடிய பாட்டு

செங் தொழிற்பேட்டையில் இருந்த அந்த மின்னணுத் தொழிற்சாலைக்குத் தொண்ணூற்றாறில் பத்து வயது நிறைந்தது. தஞ்சோங் கிளிங் கடலோர ஹோட்டலில் விருந்து என்றும், ஒவ்வொரு பிரிவும் ஒரு நடனம் ஆட வேண்டும், நடுவர்கள் பார்த்துப் பரிசு தருவார்கள் என்றும் நிர்வாகம் அறிவித்தது. வழக்கமான சினிமாக் கூத்து வேண்டாம், முறையாகக் கற்றுக்கொண்டு ஆடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கற்றுக்கொடுக்க போர்த்துகீசிய வம்சாவளியினர் வாழும் உஜோங் பாசிர் கம்பத்திலிருந்து மிஸ் டோரின் வந்தார்.

டோரினுக்கு முப்பது வயதுகூட இருக்காது. குட்டை முடி, தொளதொளத்த கால்சட்டை, தோளில் ஒரு பெரிய ரேடியோ. கேன்டீன் மேசைகளைச் சுவரோரம் தள்ளச் சொல்லிவிட்டு மலாயில் பேச ஆரம்பித்தார்.

"மூணு வகை சொல்லித் தரப் போறேன். முதல்ல ஜாஸ். ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமையா அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஜனங்ககிட்ட பொறந்தது. பருத்திக் காட்டுலயும் கரும்புக் காட்டுலயும் வேலை. பல எடத்துல மேளம் அடிக்கக்கூடாதுன்னு தடை போட்டாங்க. அவங்க காலாலயும் கையாலயும் தாளம் போட்டாங்க."

முன்வரிசையில் நின்ற பவானேஸ்வரி கையைத் தூக்கினாள். நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பாக்கிங் பிரிவில் எட்டு வருடமாக இருக்கிறாள்.

"அப்ப அவங்களும் தோட்டத்து ஆளுங்களா, மிஸ்?"

"தோட்டத்து ஆளுங்கதான். சம்பளம் மட்டும் கிடையாது" என்றார் டோரின்.

பிறகு முட்டியை மடக்கி நின்று காட்டினார். தோள் ஒரு பக்கம் போனது, இடுப்பு அதைக் கண்டுகொள்ளாமல் வேறு பக்கம் போனது. கால், தாளம் விழுகிற இடத்தை விட்டுவிட்டு இரண்டு தாளத்துக்கு நடுவில் விழுந்தது. கேன்டீன் முழுக்கக் கைதட்டல்.

அடுத்தது கன்டெம்பரரி. சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மூச்சை இழுத்துத் தரையில் விழுந்து, உருண்டு எழும் ஆட்டம். பாலே நடனத்தின் கட்டுப்பாடுகள் பிடிக்காதவர்களிடமிருந்து வந்தது என்றார். மூன்றாவது லிரிக்கல். ஜாஸும் பாலேயும் கலந்து பிறந்த பிள்ளை.

"இதுல பாட்டோட வார்த்தைதான் எஜமான். பாட்டு என்ன சொல்லுதோ அதைத்தான் ஒடம்பு சொல்லணும்."

சீட்டுக் குலுக்கினார்கள். பாக்கிங் பிரிவுக்கு லிரிக்கல் விழுந்தது. டோரின் ஒரு கேசட்டைக் கொடுத்து, "கேட்டுப் பாருங்க. மனசுல என்ன தோணுதோ, அடுத்த வாரம் வந்து சொல்லுங்க" என்றார்.

அது ஓர் ஆங்கிலப் பாட்டு. ஒரு பெண் மெதுவாக, குழைந்த குரலில் தொடங்குகிறாள். பாதியில் தாளம் வேகமெடுக்கிறது. பவானேஸ்வரிக்கு ஆங்கிலம் பெட்டிமேல் ஒட்டும் லேபிள் அளவுக்குத்தான் தெரியும். அவளோடு ஆடப்போகும் மலர்விழிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு.

"அக்கா, 'குட்பை'னு வருது" என்றாள் மலர்விழி.

"ஆமா லா. 'பேபி'ன்னும் வருது. அடிக்கடி வருது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வார்த்தையும் சேர்ந்ததும் கதை விளங்கிவிட்டது. ஒரு தாய் தன் பிள்ளையை வழியனுப்புகிறாள். பவானேஸ்வரியின் கடைக்குட்டி பிரவின் அந்த ஜனவரியில்தான் பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்திருந்தான். அவள் கண்ணில் உடனே தண்ணீர் கட்டிக்கொண்டது.

"பாதியில வேகமா வருதே, அது?"

"வேன் கிளம்பிருச்சு லா. அம்மா பின்னாடியே ஓடுறா."

அடுத்த வாரம் கதையைக் கேட்டபோது டோரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு சற்றுநேரம் இருமினார். பிறகு, "செய்ங்க" என்றார். குள்ளமான மலர்விழி பிள்ளையானாள். பிரிவிலிருந்து ஆடவந்த மற்ற இரண்டு பெண்கள் வேனும் வாசலும் ஆனார்கள். பவானேஸ்வரி தாய். கையை நீட்டினால் விரல்நுனி வரை அசைவு ஓட வேண்டும், ஓர் அசைவு முடியுமுன் அடுத்தது அதிலிருந்தே கிளம்ப வேண்டும் என்று டோரின் சொல்லிக் கொடுத்தார். அழுகைக் காட்சிகள் பவானேஸ்வரிக்கு நன்றாக வந்தன. வேகமான பகுதிதான் உதைத்தது. அங்கே எவ்வளவு அழுதாலும் பாட்டு அவளோடு சேர்ந்து அழ மறுத்தது.

விருந்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆபீஸ் கிளார்க் சுசீலா பயிற்சியைப் பார்க்க வந்தாள். கல்லூரியில் படித்தவள். ஆட்டம் முடிவதற்குள் நாற்காலியில் குனிந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னா சிரிப்பு?" என்றாள் பவானேஸ்வரி.

"மன்னிச்சிருங்கக்கா. அந்தப் பாட்டு பிள்ளையப் பத்தி இல்லக்கா."

"பேபின்னு சொல்றாளே!"

"அவங்க பாட்டுல பேபின்னா காதலன் லா. அந்தாளு மூட்ட கட்டிக்கிட்டுப் போயிட்டான். இவளுக்கு சந்தோஷம் தாங்கல. வீடு இப்ப என்னோடது, கட்டில் முழுக்க என்னோடதுன்னு பாடுறா. வேகமா வர்ற எடத்துல அவ அழல, குதிக்கிறா."

வேனாகவும் வாசலாகவும் நின்ற பெண்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பவானேஸ்வரிக்கு முகம் கொதித்தது. ஆங்கிலம் தெரிந்த நடுவர்கள் முன்னால், காதலன் தொலைந்ததைக் கொண்டாடும் பாட்டுக்குப் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள்.

"மிஸ், உங்களுக்குத் தெரியும்தானே?"

"முதல் நாளே தெரியும்" என்றார் டோரின். "ஆனா நீங்க அந்த ரெண்டு வார்த்தைய எவ்வளவு உண்மையா ஆடுனீங்க! அதைக் கலைக்க மனசு வரல. அது என் தப்புதான். இப்ப சொல்லுங்க, பாட்ட மாத்தவா, கதைய மாத்தவா?"

பவானேஸ்வரி கிளார்க் பக்கம் திரும்பினாள். "சுசீலா, அந்தப் பாட்ட ஒரு ஒரு வரியா சொல்லு" என்றாள்.

சுசீலா கேசட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவன் போன பிறகு வீடு எவ்வளவு அமைதி. யாரும் கூப்பிடவில்லை. நாற்காலியில் காலை நீட்டிக்கொள்கிறாள். கேட்கக் கேட்க பவானேஸ்வரியின் முகத்தில் வெட்கம் போய் வேறொன்று வந்தது. கடைசியில் வாய்விட்டுச் சிரித்தாள்.

"எனக்கும் இப்படித்தான் லா இருந்துச்சு!"

"எப்பக்கா?" என்றாள் மலர்விழி.

"பிரவின் ஸ்கூலுக்குப் போன அன்னிக்கு. வேன் முனை திரும்புற வரைக்கும் அழுதேன், நெசந்தான். அப்பறம் கதவ சாத்துனேன். நைட் ஷிப்ட் முடிச்சு வந்திருந்தேன். ஏழு வருசமா அந்த நேரத்துல ஒருநாள்கூட என்னத் தூங்க விட்டதில்ல அவன். வீட்ல சத்தமே இல்ல. ஒரு தே தண்ணி கலக்கி சூடு ஆறுறதுக்குள்ள முழுசா குடிச்சேன். அப்பறம் ரேடியோவப் போட்டு... ஆடுனேன் லா. தனியா. யார்கிட்டயும் சொல்லல. என்ன தாய் இவன்னு கேப்பாங்களே."

வேனாக நின்றவள், "நான் படுத்துத் தூங்குனேன். சாயங்காலம் வரைக்கும்" என்றாள்.

டோரின் தரையில் கையால் தட்டினார். "அதை ஆடுங்க! பாட்டும் அதுதான், கதையும் அதுதான்!"

"பாட்டுல அவன் திரும்பி வரமாட்டானே" என்றாள் சுசீலா.

"எம்புள்ள ஒரு மணிக்கு வந்துருவான். வரணும் லா. வருவான்னு தெரிஞ்சதாலதானே அன்னிக்கு ஆடுனேன்" என்றாள் பவானேஸ்வரி.

விருந்தன்று ஹோட்டல் மண்டபத்தில் இடமே இல்லை. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு பளபளக்கும் தொப்பிகளோடு ஜாஸ் ஆடி மண்டபத்தைக் கலக்கியது. ஸ்டோர் ஆண்கள் கன்டெம்பரரியில் தரையில் விழுந்து உருண்டார்கள். அதில் ஒருவர் எழுந்திருக்க நேரமாகிவிட, அதற்கும் கைதட்டல்.

பாக்கிங் பிரிவு மேடையேறியது. பவானேஸ்வரி பிள்ளையின் தலையை வாரினாள், சட்டைப் பொத்தானைப் போட்டாள். கை விலக மனமில்லாமல் நீண்டது. வேன் போயிற்று. அவள் உடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. முன்வரிசையில் ஒரு சீன அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாளம் மாறியது. பவானேஸ்வரி தலையைத் தூக்கினாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். இல்லாத கதவை அடிமேல் அடிவைத்துப் போய்ச் சாத்தினாள். உட்கார்ந்து, இல்லாத கோப்பையை எடுத்து, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடினாள்.

பின்வரிசையில் ஒரு மலாய்ப் பெண் உரக்கச் சிரித்தாள். அவ்வளவுதான். மண்டபத்தில் இருந்த தாய்மார்கள் அத்தனை பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று புருஷன்மார் மனைவிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பவானேஸ்வரி எழுந்து ஆடினாள். அத்தனை நாள் உதைத்த பகுதி இப்போது அவளைத் தூக்கிக்கொண்டு போனது. கையை வீசினால் மேடையின் கோடி வரைக்கும் போனது. கூட்டம் பாட்டோடு சேர்ந்து கைதட்டியது. கடைசியில் மலர்விழி பையோடு ஓடிவர, தாய் அவளைத் தூக்கிச் சுற்றினாள்.

"அம்மா!" என்று கூட்டத்திலிருந்து பிரவின் கத்தினான். "அது நாந்தானே?"

முதல் பரிசு ஜாஸுக்குப் போனது. அதை யாரும் குறை சொல்லவில்லை. பாக்கிங் பிரிவுக்கு இரண்டாம் பரிசாகச் சோறு வேகவைக்கும் மின்சாரக் குக்கர் ஆளுக்கொன்று கிடைத்தது. கழிவறைக்குப் போகும் வழியெல்லாம் பெண்கள் பவானேஸ்வரியை நிறுத்தி அவரவர் கதையைச் சொன்னார்கள். ஒருத்தி, பிள்ளை பள்ளிக்குப் போன அன்று கடைக்குப் போய்த் தனக்கு மட்டும் ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கிச் சாப்பிட்டாளாம்.

வெளியே காரைக் கிளப்பும்போது பவானேஸ்வரியின் கணவன் தங்கராஜு, "அன்னிக்கு ரொம்ப அழுதேன்னு தானே சொன்னே?" என்று கேட்டான்.

"அழுதேங்க. அப்பறம் தே குடிச்சேன்."

"எனக்கு ஒரு வாய் வெச்சிருக்கலாம்ல."

"நீங்களும் வேலைக்குப் போயிட்டீங்கள்ல. அதனாலதான் அவ்ளோ சந்தோஷம்."

தங்கராஜு சிரித்த சிரிப்பில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பிரவின் விழித்துக்கொண்டான்.

விருந்து முடிந்த பிறகும் டோரின் கேன்டீனுக்கு வருவதை நிறுத்தவில்லை. சனிக்கிழமைதோறும் வகுப்பு என்று பெண்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். முதல் வகுப்பில் கன்டெம்பரரி. சப்பாத்துகள் சுவரோரம் வரிசையாக நின்றன. விழுவதற்குப் பயப்படாதீர்கள், உடம்பின் பாரத்தைத் தரையிடம் கொடுங்கள் என்றார் டோரின். பவானேஸ்வரி மூச்சை இழுத்து விழுந்தாள், அவள்மேல் மலர்விழி விழுந்தாள், அவள்மேல் சுசீலா. சிரிப்பை அடக்க முடியாமல் வெகுநேரம் யாருமே எழுந்திருக்கவில்லை.