எதிர்வரிசையில் ஒரு திருத்தம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவிக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது என்பதே தொகுதிக்காரர்களுக்கு மறந்துபோயிருந்தது. எல்லாருக்கும் அவள் 'எதிர்வரிசை'. அவள் எழுதுகிற வலைப்பூவின் பெயர் அது. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் உட்காரும் வரிசையை நினைத்துத்தான் அப்படிப் பெயர் வைத்திருந்தாள். அவளும் அந்தக் கட்சிக்காரிதான். அதை அவள் ஒளிக்கவும் இல்லை. 'நான் நடுநிலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்' என்று முகப்பிலேயே போட்டுவிட்டு, ஒன்பது வருஷமாக ஆளுங்கட்சியை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் கடைக்காரர் ஆளுங்கட்சி. அதுவும் அரைகுறை ஆள் இல்லை, ஓட்டுப் போடுகிற வயது வந்த நாளிலிருந்து வேறு பக்கம் கை நகராத ஆள். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறார்கள் என்று தெருவே மண்டையை உடைத்துக்கொண்டது. அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். அவள் எழுதுகிற ஒவ்வொரு கட்டுரையையும் முதலில் கேட்பவர் அவர்தான். மதியம் கடைக்கதவில் 'சாப்பாட்டு இடைவேளை' அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, கண் பரிசோதனை நாற்காலியில் அவள் உட்கார்ந்து வாசிப்பாள். அவர் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, ஓட்டை கண்டுபிடிப்பார்.

"எங்க கட்சிக்காரங்ககிட்ட வாசிச்சா கைதான் தட்டுவாங்க," என்பாள் அவள். "தப்பு கண்டுபிடிக்கணும்னா உங்கள மாதிரி ஒரு ஆளுங்கட்சிதான் வேணும்."

அவரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் தேடுவார். இந்தத் தேதி தப்பு, அந்த மந்திரி அப்படிச் சொல்லவில்லை, இது வெறும் வதந்தி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிவார். மிச்சம் நிற்பது யாராலும் அசைக்க முடியாததாக இருக்கும். அதனால் அடி வாங்குவது தன் கட்சிதான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் கல்லாவுக்குப் பின்னால் போனை மறைத்து வைத்துக்கொண்டு, அந்தக் கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணிப் பார்த்துப் பூரித்துப்போவார். வெளியே சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

அவளுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஆளுங்கட்சிப் பத்திரிகை ஒன்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு பொய்யைப் போட்டுவிட்டு, மறுவாரம் பதினோராம் பக்கத்தின் மூலையில் கடுகளவில் திருத்தம் போட்டது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நார்நாராகக் கிழித்தாள். கிழித்த கையோடு தனக்கும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: எதிர்வரிசையில் தப்பு வந்தால், அது எத்தனை பெரிய எழுத்தில் வந்ததோ அத்தனை பெரிய எழுத்தில் திருத்தம் வரும், அந்தத் தப்பு எத்தனை நாள் நின்றதோ அத்தனை நாள் திருத்தம் மட்டும்தான் பக்கத்தில் நிற்கும், வேறு எதுவும் வெளியாகாது. சின்னச் சின்னத் தப்புகளுக்காக அரை நாள், ஒரு நாள் என்று வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெரிதாக ஒன்றும் அதுவரை வந்ததில்லை.

அப்புறம் தேர்தல் வந்தது. அந்தத் தொகுதியில் ஆளுங்கட்சி சார்பில் பழைய உறுப்பினரே மறுபடி நின்றார். எதிர்க்கட்சி ஒரு டீச்சரை நிறுத்தியது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்த நல்ல மனுஷி, ஆனால் மேடையில் பேசினால் வருகைப்பதிவு வாசிப்பது போலிருக்கும். பிரசாரம் சவசவவென்று போய்க்கொண்டிருந்தபோதுதான் எதிர்வரிசையில் அந்தக் கட்டுரை வந்தது. சட்டமன்றம் வெளியிட்டிருந்த வருகைத்தாள்களை, ஐந்து வருஷத்துக்கானதை, அவள் வரி வரியாகப் படித்திருந்தாள். உறுப்பினரின் பெயருக்கு எதிரே நாற்பத்து மூன்று கட்டங்கள் காலி. 'நாற்பத்து மூன்று நாள் எங்கே போனீர்கள்?' என்று தலைப்பு.

கடைக்காரர் மூன்று தடவை எண்ணினார். நாற்பத்து மூன்று. பென்சிலால் புள்ளி வைத்து நான்காவது தடவையும் எண்ணினார். அதே நாற்பத்து மூன்று. "போட்டுக்கோ," என்றார் உற்சாகமில்லாமல்.

தொகுதி பற்றிக்கொண்டது. பனியனில் 43, சுவரில் 43, ஆட்டோவின் முதுகில் 43. உறுப்பினர் ஓட்டுக் கேட்டு எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு மாடியிலிருந்து ஒரு குரல், "அந்த நாப்பத்து மூணு நாளு?" என்று கேட்டது. ஐந்து வருஷத்தில் எந்த நாள் எங்கே இருந்தோம் என்று அவருக்கே நினைவில்லை, முகத்தில் ஈயாடவில்லை. டீச்சருக்கோ மேடையில் புது உயிர் வந்துவிட்டது. கடைக்கு வந்த ஆளுங்கட்சி நண்பர்கள் கண்ணாடியைத் துடைக்கக் கொடுத்துவிட்டுக் கடைக்காரரைக் கரித்துக்கொட்டினார்கள். அவர் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை, ஓட்டுப்பதிவுக்கு இன்னும் நான்கே நாள் இருக்கும்போது, ஒரு அம்மாள் கண்ணாடிக் காம்பு உடைந்து கடைக்கு வந்தார். சட்டமன்றச் செயலகத்தில் சுருக்கெழுத்து வேலை. காம்பு மாட்டும்வரை சும்மா இருக்கவேண்டாம் என்று கடைக்காரர்தான் வாயைக் கொடுத்தார்.

"உங்க சபையில எங்க ஆளு கட்டம் மட்டும் காலியா கிடக்காமே."

"குழுவுல இருக்கிறவங்க எல்லாருக்குமே கிடக்கும் சார்," என்றார் அந்த அம்மாள். "ஆய்வுக்குப் போற அன்னிக்கு இங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. அவங்களுக்குத் தனி நோட்டு. அந்த நோட்டு இந்தத் தாள்ல ஏறாது. உங்க ஆளு ஆஸ்பத்திரி ஆய்வுக் குழுவுலதான இருக்காரு?"

திருகாணி கடைக்காரரின் விரலிலிருந்து நழுவி எங்கேயோ உருண்டது. அந்த அம்மாள் போனதும் குழுவின் ஆண்டறிக்கைகளைத் தேடிப்பிடித்து எடுத்தார். உறுப்பினர் ஆய்வுக்குப் போன நாட்களை வருகைத்தாளோடு பொருத்திப் பார்த்தார். பத்தொன்பது நாள் அப்படியே பொருந்தியது. காலிக் கட்டத்தை எண்ணத் தெரிந்த இரண்டு பேருக்கும், கட்டம் ஏன் காலி என்று கேட்கத் தோன்றவில்லை.

கேளுங்கள் இந்தக் கூத்தை: தன் கட்சியைக் காப்பாற்றக்கூடிய செய்தி கையில் இருக்கிறது, இந்த மனுஷன் அதை எப்படி மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் தானே. யாருக்கும் தெரியாது. அவள் ஒன்பது வருஷமாகக் காத்திருந்த வெற்றி. சொன்னால் அந்தச் சட்டப்படி பன்னிரண்டு நாள் அவள் வாயைக் கட்டிக்கொள்ளவேண்டும், தேர்தலே முடிந்துவிடும். இப்படி யோசிக்கிற தன்னைக் கட்சிக்காரன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் மதியம் அவள் கதவில் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்த முகத்தைப் பார்த்துப் பொய்யாக இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் தாள்களை வாங்கி முதலிலிருந்து சரிபார்த்தாள். செயலகத்துக்குப் போன் போட்டு மூன்று பேரிடம் மாறி மாறிக் கேட்டாள். பிறகு எழுத ஆரம்பித்தாள்.

"இருபத்து நாலு நாள் அப்பவும் வரலதானே?" என்றார் அவர். "அதைத் தலைப்புல போடேன். 'இருபத்து நாலு நாள் எங்கே'ன்னு. அது பொய்யில்லையே."

"பொய்யில்ல."

"அப்புறம் என்ன?"

"திருத்தம்னு சொல்லிக்கிட்டு அதுக்குள்ள பிரசாரம் பண்ணக் கூடாதுங்க. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளை நான் ஊர் சுத்தின நாளாக்கிட்டேன். அதை மட்டும்தான் இப்ப சொல்லணும்."

அப்படியே சொன்னாள். 'நாற்பத்து மூன்று தவறு. பத்தொன்பது நாள் உறுப்பினர் வேலையில் இருந்தார். தப்பு என்னுடையது.' அதே கொட்டை எழுத்து. இருபத்து நான்கு என்ற எண் கீழே, கணக்கோடு கணக்காக, ஒரே ஒரு வரியில் இருந்தது. தானும் நான்கு தடவை எண்ணியதை அவர் நினைவுபடுத்தினார். "எழுதினது நானு," என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

அரை மணி நேரத்தில் டீச்சரின் தேர்தல் பொறுப்பாளர் கடைக்குள் புயலாக வந்தார். கழுத்தில் கட்சித் துண்டு, சட்டைப்பையில் 43 என்று ஒரு பட்டன். "அக்கா, அதை எடுங்க. நாலே நாள் பொறுங்க. ஓட்டு முடிஞ்ச மறுநாள் நானே போடச் சொல்றேன்."

"ஓட்டு முடிஞ்சப்புறம் திருத்தம் யாருக்குப்பா?"

"அவனுங்க இத்தனை வருஷம் ஒரு திருத்தமாவது போட்டானுங்களா? நாம மட்டும் ஏன் அரிச்சந்திரன் வேஷம் கட்டணும்?"

"போடலைன்னுதானே நான் எழுதிக் கிழிச்சேன். அப்ப நீ கை தட்டின."

பொறுப்பாளர் கத்தினார். முதுகில் குத்திவிட்டாள் என்றார், புருஷன் கட்சிக்கு விலைபோய்விட்டாள் என்றார். அதைச் சொன்னபோது கடைக்காரர் எழுந்து நின்றார். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் கட்சியின் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் அவளை நீக்கிவிட்டார்கள். டீச்சர் மட்டும் போன் செய்தார். "சரி. இனிமே மேடையில அதைச் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சொன்னபடியே சொல்லவும் இல்லை.

ஆளுங்கட்சி விடுமா? உறுப்பினர் கடைசிப் பொதுக்கூட்டத்தில் அந்தத் திருத்தத்தை முழுக்க வாசித்துக் காட்டினார். எதிர்வரிசையே ஒப்புக்கொண்டது என்று சுவரெங்கும் ஒட்டினார்கள். அவளால் பதில் எழுத முடியாது. சொல்ல எவ்வளவோ இருந்தது. தண்ணீர்த் தொட்டி ஊழல் பற்றி ஒரு முழுக் கட்டுரை தயாராக இருந்தது. கம்ப்யூட்டரைத் திறப்பாள், திருத்தத்தைப் பார்ப்பாள், மூடிவிட்டுக் கண்ணாடிக் கூடுகளை அளவுவாரியாக அடுக்குவாள். திட்டி வந்த கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் எப்பேர்ப்பட்டவள் என்று இருபது வருஷத்தில் அவருக்கு இப்படி உறைத்ததில்லை.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் அவருடைய கட்சி நண்பர்கள் நாலைந்து பேர் சிரித்த முகமாக வந்தார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு நல்லா ஆப்பு வச்சீங்க அண்ணே. நீங்கதானே அந்தக் கணக்கைக் கொளுத்திப் போட்டது? உறுப்பினரே விசாரிச்சாரு."

"கண்ணாடி போடணும்னா உக்காருங்க," என்றார் கடைக்காரர். "இல்லைன்னா வழிய விடுங்க, வெளிச்சம் வரல."

ஓட்டு எண்ணிய நாள் கடையில் ஈ காக்கா இல்லை. அவள் முடிவுகளைப் போனில் பார்த்துக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சுற்றுக்குச் சுற்று டீச்சர் முந்துவார், பிந்துவார். மத்தியானம் மூன்று மணிக்கு முடிவு வந்தது. டீச்சர் நூற்று எண்பத்தெட்டு ஓட்டில் தோற்றிருந்தார். தெருவில் பட்டாசு வெடித்தது.

"நூத்தி எண்பத்தெட்டு," என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். திருத்தம் வராமல் இருந்திருந்தால் அந்த நூற்று எண்பத்தெட்டு என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கடைக்காரர் கடைக்கதவைச் சாத்தினார். சத்தம் கொஞ்சம் குறைந்தது. "நூத்தித் தொண்ணூறுல தோத்திருக்கணும்," என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"என் ஓட்டு இந்தத் தடவை எங்க பக்கம் போகல. டீச்சருக்குப் போட்டேன்."

அவள் முகம் மாறியது. சந்தோஷம் இல்லை, கோபம். "எனக்காகப் போட்டீங்களா? நான் பாவம்னு போட்டீங்களா? ஒன்பது வருஷமா மாங்கு மாங்குன்னு எழுதினேனே, அதுல ஒண்ணுகூட உங்களை அசைக்கல. கடைசியில பொண்டாட்டி மூஞ்சியப் பார்த்து ஓட்டுப் போட்டீங்களா?"

"அசைஞ்சுதான் போட்டேன்."

"எந்தக் கட்டுரையில?"

"அந்தத் திருத்தத்துல," என்றார். "தன் தப்பை இவ்வளவு பெரிய எழுத்துல போடற ஒரு ஆளு அந்தக் கட்சியில இருக்கான்னா, அந்தக் கட்சிக்கு ஒரு தடவை போடலாம்னு தோணுச்சு. எங்க பக்கம் அப்படி ஒருத்தரையும் நான் பார்த்ததில்ல."

அவள் போனைக் கல்லா மேல் கவிழ்த்து வைத்தாள்.

"ஒன்பது வருஷத்துல கட்சிக்காக எழுதாதது அது ஒண்ணுதாங்க," என்று சொல்லிவிட்டு, அத்தனை நாளும் அழாதவள், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.