மின்விசிறி சுழன்ற மாலைச் செய்திகள்

நகரசபைத் தலைவர் கடைசி நிமிடத்தில் தலையால் முட்டி கோல் போட்டதாக வானொலியின் மாலைச் செய்தியில் வாசிக்கப்பட்டது, அவரும் போட்டிருந்தார். அன்று பிற்பகல் முழுக்கச் சாக்கடை வரியைப் பற்றிய கூட்டத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். ஆனால் செய்தி முடிந்தபோது அவர் நெற்றியில் பந்தின் தடம் இருந்தது, செருப்பில் புல் ஒட்டியிருந்தது. மைதானத்திலிருந்து திரும்பியவர்களோ அந்தக் கோலை வீட்டில் நடித்தே காட்டினார்கள். தலைவர் மறுக்கவில்லை. கோல் போட்டதை மறுக்கும் அரசியல்வாதி இன்னும் பிறக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். அந்த வட்டார வானொலியில் கலை, விளையாட்டு, அரசியல் மூன்றும் ஒரே அறிக்கையில் வரும். எது முந்தும் என்பது கடைசி நொடிவரை தெரியாததால் தாள்களுக்குப் பக்க எண் போடும் வழக்கமே கிடையாது. இரைச்சல் விழும் என்று வாசிக்கும்போது மின்விசிறியையும் போடமாட்டார்கள். அன்று ஏசி பழுது. செய்தி வாசிக்கும் அம்மாளுக்கு வியர்த்துக் கொட்டுவதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த ஒலிப்பதிவாளர், அவர்தான் அந்த அம்மாளின் கணவர், மனசு கேட்காமல் மின்விசிறியைத் தட்டிவிட்டார். தாள்கள் பறந்தன. வாசிப்பு நடுவில் நின்றுபோவதுதான் வானொலியில் பெருங்குற்றம். எனவே அம்மாள் கைக்குக் கிடைத்த தாளை, கண்ணில் பட்ட வரியிலிருந்து, கணீரென்று தொடர்ந்தார். நகரசபைத் தாளில் தொடங்கிய வாக்கியம் பந்தாட்டத் தாளில் முடிந்தது, வாசித்தபடியே நடந்தும்விட்டது.

அந்தக் கோடை முழுக்க ஏசியைச் சரிசெய்ய யாருக்கும் மனம் வரவில்லை. ஓவியக் கண்காட்சி ஒன்று மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றது. நீச்சல் வீராங்கனை ஒருத்தி நகரசபை பட்ஜெட்டை மூச்சுவிடாமல் நிறைவேற்றினாள். எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்த அழகில் மயங்கிய ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி, இன்னொரு தடவையும் வெளிநடப்புச் செய்யவைத்தார்கள். வீட்டுக்கு வீடு மாலையில் வானொலி அலறியது. தலைமை அலுவலகம் பொறுக்குமா? தாள்களைக் கவ்விப் பிடிக்கப் பெரிய கிளிப் ஒன்றையும், அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்றையும் அனுப்பியது. அதன்பின் பல வருடங்கள் நடந்தது மட்டுமே நடந்தது. கேட்க ஆளில்லாமல் போனது. ஆளில்லாத நிலையம் எதற்கென்று மூடிவிடத் தீர்மானித்தார்கள்.

கடைசி மாலையில் தலைமை அலுவலக அதிகாரி ஒருவர் பூட்டோடு வந்தார். மூடும் செய்தியையும் அம்மாளே வாசிக்க வேண்டுமாம். அந்த நாற்காலியை விட்டால் அம்மாளுக்கு வேறு உலகமில்லை. காலையில் கணவரின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதிருந்தார். அதிகாரியோ ஒலிவாங்கி, மேசை, மணி என்று சாமான்களைச் சரிபார்ப்பதில் மும்முரமாக இருந்தார். அம்மாள் தாள்களிலிருந்து கிளிப்பைக் கழற்றி நீட்டினார்.

“இதுவும் ஆபீஸ் சொத்துதானே சார், வாங்கிக்குங்க.”

அதிகாரி அதைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு, செய்தி முடிந்ததும் பூட்டலாமென்று வாசலுக்கு வெளியே போய் நின்றார்.

“என்னங்க, ஃபேனைப் போடுங்க.”

“இரைச்சல் விழுமே!”

“விழட்டும். புழுங்குது.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். “நமது வானொலி நிலையம் இன்று மாலை” என்பதோடு முதல் தாள் முடிந்தது. அடுத்த தாள் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்க, அம்மாள் கையில் வந்து விழுந்தது நடனக் குழுவின் தாள். “பலத்த கைதட்டலுக்கிடையே துள்ளி எழுந்து, மூன்று சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் நின்றது” என்று வாசித்தார். வாசிக்கும்போதே சிரித்துவிட்டார்.

கட்டடம் சொன்ன பேச்சைக் கேட்டது. முன் தூண்களில் ஒன்றை மட்டும் ஊன்றி மற்றவற்றை மடித்துக்கொண்டது. எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட கதவை அதிகாரி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார், பிறகு நிலையம் பூட்டும் நிலையில் இல்லையென்று அறிக்கை எழுதிவிட்டு ரயிலேறினார்.

இப்போது ஊழியர்கள் ஏணி வைத்து ஏறுகிறார்கள். நடனச் செய்தி வந்தால் நிலையம் காலை மாற்றிக்கொள்ளும். அந்நேரம் டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும். நகரசபைத் தலைவர் எதற்கும் இருக்கட்டுமென்று கூட்டத்துக்கே பந்தாட்டக் காலணியில் வருகிறார். மாலையானால் கணவர், மழையோ வெயிலோ, சொல்லாமலேயே மின்விசிறியைப் போட்டுவிடுகிறார்.